ஐம்பதுக்கு எத்தனை?

அமெரிக்க கிராஃப்ட் பீர்களைச் சுவைத்து ஒப்பிட்டு எழுதுகிறவர்களிடம் ஒரு நோய் பரவியிருக்கிறது. எதைக் குடித்தாலும் உடனே ஓர் எண்ணைச் சொல்லிவிட வேண்டும் என்பதே அந்த நோய். பில்ஸ்னருக்கு ஓர் எண், ஸ்டௌட்டுக்கு ஓர் எண், புளிப்பு பீருக்கு ஓர் எண். பிறகு எண்களை இறங்குவரிசையில் அடுக்கினால் பட்டியல் தயார். தலையில் நிற்பது உன்னதம், வாலில் கிடப்பது மட்டம். இந்த நோய்க்கு நாங்களும் விலக்கல்ல. பல ஆண்டுகள் நண்பர்களுக்குள் இப்படிப் பட்டியல் போட்டு, சண்டை பிடித்து, திருத்தி, மறுபடியும் போட்டவர்கள்தாம். அந்த அனுபவத்தின் பேரில்தான் சொல்கிறோம்: வகை பார்க்காமல் எல்லா பீர்களையும் ஒரே அளவுகோலில் நிறுத்துவது அபத்தம். அபத்தம் என்பதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அளக்க வந்த பொருளையே அது கெடுக்கிறது என்பதுதான் எங்கள் குற்றச்சாட்டு.

எங்கள் கண் திறந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். ஒரு குளிர்கால மாலையில் ஆறு பேர் கூடினோம். மேசையில் ஐந்து பீர்கள். பென்சில்வேனியாவின் விக்டரி ஆலை தரும் பிரைமா பில்ஸ், கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா பேல் ஏல், மெய்ன் மாநிலத்தின் அலகாஷ் ஒயிட் என்னும் கோதுமை பீர், 8 சதவீத ஆல்கஹால் கொண்ட கலங்கலான ஐபிஏ ஒன்று, போர்பன் விஸ்கி இருந்த பீப்பாயில் மாதக்கணக்கில் ஊறிய 14 சதவீத ஸ்டௌட் ஒன்று. முறை எதுவும் கிடையாது. ஆவல் தாங்காமல் விலை கூடியதிலிருந்து தொடங்கினோம். ஸ்டௌட்டுக்குப் பின் ஐபிஏ, அதற்குப் பின் மற்றவை. பில்ஸ்னர் கடைசியாக, உறைநிலைக்குச் சற்று மேலிருந்த குளிர்ச்சியோடு, பெட்டியிலிருந்து எடுத்தபடியே கோப்பைக்கு வந்தது. "இது பீர் கழுவிய தண்ணீர்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தோம். பில்ஸ்னர் பாதி மதிப்பெண்ணைக்கூடத் தொடவில்லை. ஸ்டௌட்டுக்கு ஏறக்குறைய முழு மதிப்பெண்.

இரண்டு வாரம் கழித்து அதே ஆறு பேர், அதே ஐந்து பீர்கள். இம்முறை பெயர்கள் தெரியாதபடி போத்தல்களைக் காகிதத்தில் சுற்றினோம். மெல்லியதிலிருந்து வலியதற்குப் போனோம். பில்ஸ்னரைச் சற்று முன்னதாகவே வெளியே எடுத்து வைத்தோம். ஸ்டௌட் அறைச் சூட்டை நெருங்கும்வரை காத்திருந்தது. இடையிடையே தண்ணீரும் வெறும் ரொட்டியும். அன்று பில்ஸ்னரைத் தண்ணீர் என்று சொல்ல ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. ரொட்டியின் மேலோட்டை நினைவூட்டும் மால்ட்டின் மணம், அதன்மேல் பசும்புல்லின் வாசனை, விழுங்கியபின் சுத்தமாக வெட்டி நிற்கும் கசப்பு. ஐம்பதுக்கு முப்பத்தைந்துக்குக் குறைவாக யாரும் போடவில்லை. ஸ்டௌட் அன்றும் முதலிடம்தான். ஆனால் மேசையைத் துடைக்கும்போது பார்த்தால், முதலிடம் பெற்ற ஸ்டௌட் பாதி போத்தல் மிச்சம். பில்ஸ்னர் ஒரு சொட்டு இல்லை.

எது நல்ல பீர்? நாங்கள் எழுதிய எண் சொல்வதா, காலியான போத்தல் சொல்வதா?

நடந்தது என்னவென்று புரிந்துகொள்ளப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஆல்கஹாலின் சூடும், எஞ்சிய சர்க்கரையின் இனிப்பும், கருக வறுத்த மால்ட்டின் துவர்ப்பும் நாக்கில் தங்கிவிட்டபின் மெல்லிய எதுவும் அங்கே இறங்காது. பாகற்காய் தின்ற வாயில் இளநீர் ருசிக்குமா? பொருளின் குறையல்ல அது, வரிசையின் குறை. குளிர்ச்சியும் அப்படியே. அதிகக் குளிரில் மணம் மேலெழாது. பீரின் சுவையில் பெரும்பங்கு மணம் என்பதால், மணத்தை அடைத்துவிட்டுச் சுவை இல்லையென்று தீர்ப்புச் சொல்வது மூக்கைப் பொத்திக்கொண்டு மல்லிகையை மதிப்பிடுவது போன்றது. வரிசையும் சூடும் பெயரும் மாறினால் எண்ணும் மாறுகிறது என்றால், அந்த எண் அளந்தது பீரை அல்ல.

மதிப்பெண் முறையே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1985 முதல் இயங்கிவரும் பீர் நடுவர் சான்றிதழ் அமைப்பின் மதிப்பெண் தாளைப் பாருங்கள். மொத்தம் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. கவனமாகச் சிந்தித்து வகுக்கப்பட்ட தாள். ஆனால் அதன் அடிப்படை விதியைப் பட்டியல்காரர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பீரும் அதன் வகைக்குரிய இலக்கணத்தோடு ஒப்பிட்டே அங்கே மதிப்பிடப்படுகிறது. பில்ஸ்னரில் எதிர்பார்க்கும் தெளிவைக் கோதுமை பீரில் எதிர்பார்ப்பதில்லை. ஸ்டௌட்டில் வரவேற்கப்படும் கருகல் மணம் பேல் ஏலில் குறை. ஆக, பில்ஸ்னர் வாங்கிய 42உம் ஸ்டௌட் வாங்கிய 42உம் ஒரே 42 அல்ல. 1982இல் கொலராடோவின் போல்டரில் தொடங்கிய மாபெரும் அமெரிக்க பீர் விழாவும் இதே அறிவோடுதான் வகைவகையாகப் பிரித்துப் பதக்கம் தருகிறது. ஒரு பிரிவில் தகுதியுள்ளது இல்லையென்றால் தங்கத்தை நிறுத்தி வைக்கவும் அங்கே இடமுண்டு. நாமோ, 1996இல் வந்த பீர் அட்வகேட், 2010இல் வந்த அன்டாப்ட் போன்றவற்றின் வழியே எல்லா வகைகளையும் ஐந்து நட்சத்திரத்துக்குள் திணித்துப் பழகிவிட்டோம். அங்கே பில்ஸ்னரும் ஸ்டௌட்டும் ஒரே பந்தயத்தில் ஓடுகின்றன.

இலக்கிய வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு வெண்பாவுக்கும் ஆயிரம் பக்க நாவலுக்கும் பொதுவாக மதிப்பெண் போட்டு, நாவலில் பாத்திரங்கள் அதிகம், ஆகவே அதுவே சிறந்தது என்று ஒருவர் எழுதினால் நாம் அவரை விமர்சகர் என்று அழைப்போமா? வெண்பாவிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு, நாவலிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எழுத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கிறவர்கள் கோப்பையை எடுத்ததும் கணக்குப்பிள்ளைகளாக மாறிவிடுவதுதான் வியப்பு.

வலிமையின் மீதான இந்த மோகம் எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு நியாயமான வரலாறு உண்டு. 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கு அமெரிக்காவின் சிறு ஆலைகளை அழித்தது. மீண்டவற்றைப் பெரிய நிறுவனங்கள் விழுங்கின. 1970களின் இறுதியில் அந்தப் பெரிய நாட்டில் எஞ்சியிருந்த ஆலைகள் நூறுக்கும் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை தந்தது ஒரே பானம்: சோளமோ அரிசியோ கலந்து சுவையை மட்டுப்படுத்திய வெளிர் லாகர். அந்தச் சலிப்புக்கு எதிராகத்தான் கிராஃப்ட் இயக்கம் எழுந்தது. 1965இல் ஃபிரிட்ஸ் மேட்டாக் சான் ஃபிரான்சிஸ்கோவில் நொடித்துக்கொண்டிருந்த ஆங்கர் ஆலையில் பங்கு வாங்கினார். 1972இல் கேஸ்கேட் என்னும் அமெரிக்க ஹாப்ஸ் வெளிவந்தது. 1975இல் ஆங்கர் ஆலை அதை லிபர்ட்டி ஏலில் தாராளமாகப் பயன்படுத்தியது. 1976இல் ஜாக் மெக்காலிஃப் சோனோமாவில் நியூ ஆல்பியன் என்ற சின்னஞ்சிறு ஆலையைத் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே அது மூடப்பட்டது, ஆனால் வழி தெரிந்துவிட்டது. வீட்டில் பீர் தயாரிப்பதை அனுமதிக்கும் சட்டத்தில் 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்டார். 1980இல் சியரா நெவாடா பிறந்தது. நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளினால் எழுமே, ஏறத்தாழ அந்த மணத்தைக் கேஸ்கேட் ஹாப்ஸ் பீருக்குள் கொண்டுவந்தது. கசப்பு அன்று ஒரு கொடி. அதைத் தூக்கிப் பிடித்தவர்களை நாங்கள் வணங்குகிறோம்.

ஆனால் கலகம் வென்றபின் கலகமே சடங்காகிவிடுவதை நாம் எத்தனை இயக்கங்களில் பார்த்திருக்கிறோம். 1994இல் கலிஃபோர்னியாவின் டெமெக்யூலாவில் வின்னி சிலுர்சோ இரட்டை ஐபிஏவைத் தயாரித்தார். பின்னாளில் அவருடைய ரஷ்யன் ரிவர் ஆலை 8 சதவீதத்தில் பிளைனி தி எல்டரையும், 10 சதவீதத்தைத் தாண்டும் பிளைனி தி யங்கரையும் தந்தது. 1990களில் சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலை போர்பன் பீப்பாய்களில் ஸ்டௌட்டை ஊறவைத்தது. இவை ஒவ்வொன்றும் சாதனை. அதில் எங்களுக்கு ஐயமில்லை. ஐயம் அதற்குப் பிறகு வந்ததில். வாசகர் வாக்குகளால் உருவான பட்டியல்களின் உச்சியில் ஆண்டுக்கணக்காக இரட்டை ஐபிஏக்களும் பீப்பாய் ஸ்டௌட்டுகளுமே மாறிமாறி அமர்ந்தன. ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகள் கொண்ட ஒரு கலையில் உச்சம் முழுவதையும் இரண்டு மூன்று வகைகள் பிடித்துக்கொண்டால், மற்ற வகைகளில் மேதைகள் இல்லை என்று பொருளா, அளவுகோல் கோணல் என்று பொருளா?

எண்களின் ஏமாற்றுக்கு இன்னோர் எடுத்துக்காட்டு கசப்பு அலகு. ஹாப்ஸிலிருந்து கரைந்த கசப்புப் பொருளின் அளவைச் சொல்வது அது. சியரா நெவாடா பேல் ஏலுக்கு 38. இதைவிடக் கூடுதல் அலகு கொண்ட எத்தனையோ ஸ்டௌட்டுகள் நாக்கில் இனிக்கின்றன. அவற்றில் எஞ்சியிருக்கும் மால்ட் சர்க்கரை கசப்பை மூடிவிடுகிறது. அதாவது ஆய்வகம் அளந்த கசப்பு வேறு, நாம் உணரும் கசப்பு வேறு. ஆனாலும் ஆலைகள் பல காலம் இந்த எண்ணை அட்டையில் அச்சிட்டுப் போட்டி போட்டன. குடிப்பவர்களும் எண் பார்த்து வாங்கினார்கள். மார்க்குத் தாளைக் காட்டிப் பெண் பார்ப்பது போல.

வலியதே சிறந்தது என்று நம்புகிறவர்கள் அறிய வேண்டிய தொழில் உண்மை ஒன்று உண்டு. தயாரிப்பவரின் கையை மிகக் கடுமையாகச் சோதிப்பது வலிய பீர் அல்ல, வெளிர் லாகர்தான். நொதித்தலில் கவனம் பிசகினால் வெண்ணெய் வாடை வரும். காய்ச்சுவதில் பிசகினால் வெந்த மக்காச்சோள வாடை வரும். காற்றுப் புகுந்துவிட்டால் நனைந்த அட்டையின் வாடை. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருளே சிதைந்து நாறும். பழுப்பு நிறப் போத்தல்களும் தகரக் குவளைகளும் வந்ததில் இந்தப் பாதுகாப்புக்கும் பங்குண்டு. இந்தப் பிழைகளில் பலவற்றைக் கருகலும் வெனிலாவும் விஸ்கி மணமும் ஓரளவு மறைத்துவிடும். பில்ஸ்னரில் ஒளிய இடமே இல்லை. வெறும் ரசம் வைக்கச் சொன்னால்தான் சமையற்காரரின் கை தெரியும் என்று நம் வீடுகளில் சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. அந்தக் கையைத்தான் நம் பட்டியல்கள் வாலில் வைக்கின்றன.

இது வெறும் கௌரவப் பிரச்சினையும் அல்ல. நல்ல லாகரை உறைநிலையை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் முதிர விட வேண்டும். அதே தொட்டியில் அந்தக் காலத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஐபிஏ தயாரித்துவிடலாம். சிறு ஆலைக்குத் தொட்டிதான் முதல். தொட்டி அடைபட்டுக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் செலவு. இப்படிப் பொறுமையோடு தயாரித்ததற்குக் குறைந்த எண்ணும், ஹாப்ஸை அள்ளிக் கொட்டியதற்குக் கூடுதல் எண்ணும் கிடைக்குமானால், கடனில் ஆலை நடத்துகிறவர் எதைத் தேர்வார்? அவரைக் குறை சொல்ல முடியாது. எண் போட்ட நம் கைதான் அந்தத் தொட்டியின் வால்வைத் திருப்புகிறது. அண்மை ஆண்டுகளில் சிறு ஆலைகளிலிருந்து நல்ல லாகர்கள் மீண்டும் வரத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சி. அது பட்டியல்களால் வந்ததல்ல, பட்டியல்களையும் மீறி வந்தது என்றே நாங்கள் கருதுகிறோம்.

வெப்பமான சூழலில் லாகர் ஈஸ்டைக் கொண்டு தயாரிக்கப்பட்ட ஆங்கர் ஸ்டீம் பீரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. லாகரும் அல்ல, ஏலும் அல்ல. அதிர்ச்சி எதுவும் தராது. எந்தப் பட்டியலின் உச்சிக்கும் உரியதல்ல. ஆனால் இந்த இயக்கத்தின் தாய் அது. 2023இல் அந்த ஆலை மூடப்பட்டது. 2024இல் அதைப் புதியவர் ஒருவர் வாங்கினார். மூடியதற்குக் காரணங்கள் பல இருக்கும். மதிப்பெண்தான் கொன்றது என்று சொல்லும் அளவுக்கு எங்களுக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் செய்தி வந்த அன்று கண்ணீர் வடித்தவர்களில் எத்தனை பேர் அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் அதை ஒருமுறையாவது வாங்கினோம்? நாங்கள் ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

எங்களை மறுப்பவர்கள் இரண்டு திசையிலிருந்து வருவார்கள். ஒரு சாரார், "சுவை அவரவர் நாக்கு, ஒப்பீடே வீண்" என்பார்கள். இது பணிவு போலத் தோன்றும் சோம்பல். வெண்ணெய் வாடை அடிக்கும் பில்ஸ்னர் பிழையான பில்ஸ்னர்தான். அதில் அவரவர் நாக்குக்கு இடமில்லை. இரண்டு பில்ஸ்னர்களை அருகருகே வைத்து எது எதைச் சாதித்தது என்று பேச முடியும், பேச வேண்டும். ஒப்பீடு இல்லாமல் ரசனை வளராது. நாங்கள் எதிர்ப்பது ஒப்பீட்டை அல்ல, ஒப்பிடத் தகாதவற்றை ஒரே கயிற்றில் கட்டுவதை.

இன்னொரு சாரார், "வகை என்பதே ஒரு வேலி, அதை உடைத்துத்தானே இந்த இயக்கம் வளர்ந்தது" என்பார்கள். இது மதிக்கத்தக்க வாதம். பீரை வகைபிரித்துப் பேசும் வழக்கத்தைப் பரவலாக்கியவர் ஆங்கிலேய எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன், பாடகர் அல்ல. அவருடைய உலக பீர் வழிகாட்டி 1977இல் வெளிவந்தது. இன்று நாம் வேதமாக ஓதும் வகைகள் பலவற்றின் வயது அவ்வளவுதான். வெர்மான்ட் மாநிலத்தின் ஆல்கெமிஸ்ட் ஆலை தந்த ஹெடி டாப்பர் கலங்கலாக இருந்தது. ஐபிஏவின் அன்றைய இலக்கணப்படி கலங்கல் குறை. 2011இல் அது குவளையில் அடைபட்டு வந்தபோது மக்கள் வரிசையில் நின்றார்கள். கலங்கல் ஐபிஏவைத் தனி வகையாக அமெரிக்க பீர் தயாரிப்பாளர் சங்கம் ஏற்றுக்கொண்டது 2018இல்தான். இலக்கியத்துக்குப் பின்னால்தான் இலக்கணம் வரும் என்பது நமக்குத் தெரியாததா? எனவே வகையை நாங்கள் சட்டமாகப் பார்க்கவில்லை, தயாரித்தவரின் நோக்கத்தை அறியும் வழியாகப் பார்க்கிறோம். அவர் எதைச் செய்ய முயன்றார், அதைச் செய்தாரா என்று கேட்கிறோம். வேலியை உடைத்தவரிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். ஐந்து நட்சத்திரம் இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்பதில்லை.

எண்ணின் இன்னொரு தீமை, அது சொல்லைக் கொல்கிறது. 4.3 என்று எழுதியபின் ஒருவரும் வாக்கியம் எழுதுவதில்லை. நம் மொழி இதில் ஏழையும் அல்ல. அறுசுவை என்று பிரித்த மரபு நம்முடையது. கள், நறவு, தேறல், தோப்பி என்று மதுவுக்கே தனித்தனிப் பெயர் வைத்திருந்தது சங்கத் தமிழ். கசப்பு வேறு, துவர்ப்பு வேறு என்பது நமக்குக் குழந்தையிலேயே தெரியும். ஐபிஏவில் இருப்பது கசப்பு, கருக வறுத்த ஸ்டௌட்டின் முடிவில் வாயை இறுக்குவது துவர்ப்பு. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களே பலமுறை குழப்பிக்கொள்ளும் இடம் இது. அலகாஷ் ஒயிட்டில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்கின்றன. அந்த விதையின் மணத்தை நம்மைப்போல் அறிந்தவர் யார்? ஜெர்மனியிலிருந்து வந்து அமெரிக்கச் சிறு ஆலைகளில் மறுபிறவி எடுத்த கோஸ என்னும் பீரில் புளிப்போடு உவர்ப்பும் உண்டு. உப்புப் போட்ட மோரைக் குடித்து வளர்ந்த நாக்குக்கு அதைச் சொல்லத் தெரியாதா? இத்தனை சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தசம எண்ணிடம் சரணடைவது என்ன நியாயம்?

ஆகவே நாங்கள் இனி மதிப்பெண் போடுவதாக இல்லை. என்ன வகை, எந்தச் சூட்டில், எதற்குப் பின் குடித்தோம் என்று எழுதுவோம். தயாரித்தவர் எதை நாடினார், எதுவரை எட்டினார் என்று எழுதுவோம். ஒரே வகைக்குள் கடுமையாகவே ஒப்பிடுவோம். வகை தாண்டி ஒப்பிட வேண்டி வந்தால் ஒரே ஒரு கேள்விதான்: இரண்டாவது கோப்பை கேட்டோமா? பீப்பாய் ஸ்டௌட் இந்தக் கேள்வியில் தோற்றால் அதற்கும் இழுக்கில்லை. அது ஒரு கோப்பைக்கென்றே பிறந்தது, நான்கு பேர் பகிர்ந்துகொள்வதற்கென்றே பிறந்தது என்று எழுதினால் போதும்.

எங்கள் பழைய பட்டியல்களைக் கிழித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்று முடிவு செய்தோம். பில்ஸ்னருக்கு ஒருமுறை பாதிக்குக் கீழேயும் ஒருமுறை முப்பத்தைந்துக்கு மேலேயும் எங்கள் கையாலேயே போட்ட அந்த இரண்டு தாள்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். மதிப்பெண்ணுக்கு வாதாட வருகிறவர்களிடம் முதலில் அவற்றைத்தான் காட்டப் போகிறோம்.